இடது கண்ணில் இருக்கும் வீடு

அப்பு,

நித்யா ஒரு படம் அனுப்பியிருந்தாள். புனேயில் நீங்கள் வாங்கியிருக்கும் வீட்டின் ஹால். ஒரே சுவரில் ஐந்து கட்டங்கள், ஐந்து நிறம். எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம்தான். பாலில் ஒரு சொட்டு டீ விழுந்தது போல ஒன்று, இரண்டு சொட்டு விழுந்தது போல இன்னொன்று. கீழே ஒரு வரி: "அத்தை, இதுல எது? ஒங்க மகன்ட்ட கேட்டா ஒன் இஷ்டம்ங்கிறாரு." அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பதில் போடவில்லை. இன்றோடு பன்னிரண்டு நாள். மாமியார் முறுக்கு என்று அவள் நினைத்திருக்கலாம். அப்படி இல்லை என்று சொல். ஒரு சுவருக்கு நிறம் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று யோசித்தேன். அதற்கே இத்தனை நாள் ஆகிவிட்டது. அவள் கேட்டதற்கு உனக்குப் பதில் எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலில் நான் எப்படிப்பட்டவள் என்று உனக்கு நினைவுபடுத்த வேண்டும். நிறம் தெரிந்தவள். அப்படித்தான் என்னை நானே சொல்லிக்கொண்டு வளர்ந்தேன். சின்னாளபட்டியில் என் அப்பாவின் சாயப் பட்டறையில், தொட்டியிலிருந்து சுங்குடித் துணியை எடுப்பதற்கு முன்னால் அவர் என்னைக் கூப்பிடுவார். எனக்குப் பத்து வயது. "ஆத்தா, வந்து பாரு. போதுமா?" நான் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னும் செத்த நேரம் கெடக்கட்டும்ப்பா" என்பேன். கிடக்கும். பெரியவர்கள் நான்கு பேர் கைகட்டி நிற்பார்கள். அந்தக் கர்வம் என் உடம்பில் சாயத்தைவிட ஆழமாக ஏறிவிட்டது. கழுவியும் போகவில்லை. பிறகு தாவரவியல் படித்தேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இலையின் பச்சையில் எத்தனை பச்சை என்று காட்டினேன். நிற விஷயத்தில் என்னிடம் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. நீ ஒருவன் பேசினாய். ஒரு முறை. அதற்குப் பிறகு நீயும் பேசவில்லை.

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. முடிந்த பிறகுதான் உனக்குச் சொன்னேன். "ஆச்சுப்பா, நல்லாருக்கேன்" என்றேன்.  நீ "சரிம்மா" என்றாய். ஐந்து வருடமாக எல்லாவற்றுக்கும் அதுதான். பொங்கலுக்கு வரலையா என்றால், லீவு கிடைக்கலை, சரிம்மா. மருந்து சாப்பிட்டாயா என்றால், சரிம்மா. அந்தச் சொல்லை நான் போனில் கேட்டுக் கேட்டு, அதற்கும் ஒரு நிறம் இருப்பதாக நினைக்க ஆரம்பித்துவிட்டேன். சுண்ணாம்பு நிறம்.

கட்டுப் பிரித்த அன்று எதிர் வீட்டு சரோஜாதான் என்னோடு வந்திருந்தாள். நர்ஸ் பெண் பிளாஸ்திரியை உரித்ததும், முதலில் தெரிந்தது அவளுடைய சட்டைக் கை. அப்படி ஒரு வெள்ளையை நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. நீலம் கலந்த வெள்ளை. கண் கூசியது. "பழகிரும்மா, மொதல்ல எல்லாருக்கும் அப்டித்தான் இருக்கும்" என்றாள். ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் புதிதாக இருந்தது. பூ மார்க்கெட் பக்கம் ஒரு சாக்கு நிறைய அரளி. அந்தச் சிவப்பைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். சரோஜாவும் சிரித்தாள். தாடிக்கொம்பு ரோட்டில் திரும்பி, வீட்டுக் கதவைத் திறந்து, உள்ளே கால் வைத்தேன்.

செருப்பைக் கழற்றவில்லை. அப்படியே நின்றேன்.

"சரோஜா, யாரு இது, வெள்ளையடிச்சது?"

"என்னக்கா சொல்றீங்க? அஞ்சு வருசமா அப்டித்தான கெடக்கு."

"இப்டியா?"

"இப்டித்தான். ஒங்க மகன் கல்யாணத்துக்கு நீங்கதான நின்னு அடிச்சீங்க. நாந்தான டீ போட்டுக் கொண்டாந்தேன்."

அவள் பையை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் என் வீட்டை முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். குளிர்ந்த வெள்ளை. டியூப்லைட்டை யாரோ சுவரில் பூசியது போல. உன் அப்பாவின் படம் அதில் தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாற்காலி தனி. காலண்டர் தனி. எதுவும் எதோடும் சேரவில்லை. பிறகு ஒரு காரியம் செய்தேன். வலது கண்ணைக் கையால் பொத்தினேன். இன்னும் ஆபரேஷன் ஆகாத இடது கண்ணால் பார்த்தேன். வீடு திரும்பி வந்துவிட்டது. மங்கலாக, ஆனால் கதகதப்பாக. சுவர் சாயம் போடாத பருத்தித் துணியின் நிறத்தில் இருந்தது. உன் அப்பா அதில் சேர்ந்து இருந்தார்.

கையை மாற்றினேன். போய்விட்டார்.

இதை நான் எத்தனை தடவை செய்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். காபி குடிக்கும்போது. காய் நறுக்கும்போது கத்தியை வைத்துவிட்டு. கண்புரை எல்லாவற்றையும் மெல்ல மெல்ல மஞ்சளாக்கும் என்று டாக்டர் சொன்னார். பல வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, பார்ப்பவருக்கே தெரியாமல். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் அப்பா போன பிறகுதான் அது ஆரம்பித்திருக்க வேண்டும். அவர் இருந்தபோது இந்த வீடு வெள்ளையாகத்தான் இருந்திருக்கிறது. வெள்ளைதான் வீட்டுக்கு வெளிச்சம் என்று அவர் சொல்லி அடித்த வெள்ளை. நான் அவரோடு வாழ்ந்த நிறம் என்று நினைத்துக் காப்பாற்றி வந்தது, அவர் இல்லாத வருடங்களில் என் கண்ணில் படிந்த நிறம். இதை எழுதும்போதும் என் மனம் அதை ஏற்கவில்லை. ஆனால் எழுதிவிட்டேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

உன் கல்யாணம் நிச்சயமாகி, பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருவதாக இருந்த வாரம். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் நீ என்னிடம், "அம்மா, இந்த வெள்ளை வேணாம். ஆஸ்பத்திரி மாரி இருக்கு" என்று சொல்லியிருந்தாய். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். "எது வெள்ளை? இது வெள்ளையா? கண்ணத் தொறந்து பாரு" என்றேன். "பின்ன என்ன கலரும்மா?" என்று கேட்டாய். கிண்டலாகக் கேட்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாய். "கோரா. சாயம் ஏத்தாத என் கோராச் சேலை இருக்குல்ல, அந்த நிறம். அம்புட்டு நல்லாருக்கிற செவத்த ஆஸ்பத்திரிங்கிற" என்றேன். நீ சுவரைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். எழுந்து போனாய்.

நான் சித்தி வீட்டுக்கு நான்கு நாள் பத்திரிகை வைக்கப் போயிருந்தபோது, பெயின்டர் செல்வத்தை வைத்து ஹாலுக்கு வேறு நிறம் அடித்துவிட்டாய். எனக்கு ஒரு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. நான் வந்து பார்த்தேன். என் கண்ணுக்கு அது சேறு. மழைக்குப் பிறகு கண்மாய்க்கரையில் காய்கிற சேறு. அன்று நீ சென்னைக்குக் கிளம்பியிருந்தாய், சேலை எடுக்க. நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. செல்வத்தைக் கூப்பிட்டேன். முன்னால் இருந்ததையே அடி என்றேன். இரண்டே நாளில் மறுபடி வெள்ளை. நீ வந்து கதவருகில் நின்றாய். இரண்டு கையிலும் ஜவுளிப் பை.

"என்னம்மா பண்ணி வச்சிருக்க?"

"பின்ன? சேத்துல முக்கி எடுத்த மாரி இருந்துச்சு. நாலு பேரு வந்து பாக்குற வீடு."

"சேறா?"

"எனக்கு நிறம் தெரியாதா? நான் சாயப் பட்டறைக்காரன் மக. எனக்குப் போயி நீ கலர் சொல்லித் தர்றியா?"

பைகளைக் கீழே வைத்தாய். சுவரைத் தொட்டுப் பார்த்தாய். இன்னும் ஈரம் இருந்திருக்கும். விரலில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்தாய். "சரிம்மா" என்றாய்.

அதுதான் முதல் சரிம்மா.

அப்பு, நீ ஆஸ்பத்திரி என்று சொன்னபோது நான் அதை ஒரு கேலியாக எடுத்துக்கொண்டேன். படித்து வேலைக்குப் போன பிள்ளைக்குத் தாய் வீடு மட்டமாகத் தெரிகிறது என்று நினைத்தேன். உன் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் கடைசிப் பதினொரு நாள் இருந்தவன் நீ. இருபது வயதில். உள்ளே ஒருவர்தான் தங்கலாம் என்றார்கள். கூட இருப்பவர் என்ற இடத்தில் உன் பெயரைத்தான் எழுதினோம். நான் காலையில் இட்லி கொண்டு வருவேன், சாயங்காலம் போய்விடுவேன். நீ அந்த வெள்ளைச் சுவரையும் அந்த டியூப்லைட்டையும் பதினொரு நாள் பார்த்தாய். பன்னிரண்டாவது நாள் வீட்டுக்கு வந்தாய். இங்கேயும் அதே சுவர், அதே டியூப்லைட். அதற்குப் பிறகு எட்டு வருடம் நீ இந்த ஹாலில் சாப்பிட்டாய், படித்தாய். பிறகு ஒரு நாள் வாயைத் திறந்து ஒரு வரி சொன்னாய். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இது எனக்கு ஆறு வாரத்துக்கு முன்னால், செருப்போடு நின்றபோதுதான் தெரிந்தது. புதுக் கண் வந்த பிறகு. கண் தெரியாததால் வந்த தப்பு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் கேட்பதற்குக் கண் வேண்டியதில்லை.

போன வாரம் செல்வத்தைக் கூப்பிட்டேன். இந்த வெள்ளையை எடுத்துவிட வேண்டும், இடது கண்ணுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டால் அந்தப் பழைய வீடு எனக்கு எங்கேயும் இருக்காது, அதற்குள் அந்த நிறத்தைக் கண்டுபிடித்துச் சுவரில் ஏற்றிவிட வேண்டும். அதுதான் என் திட்டம். இடது கண்ணுக்கு இந்த வெள்ளைச் சுவர் எப்படித் தெரிகிறதோ, அந்த மாதிரி வலது கண்ணுக்குத் தெரிகிற நிறம் எது? ஷேடு கார்டை விரித்து வைத்துக்கொண்டு, வலது கண்ணை மூடிச் சுவரைப் பார்ப்பது, சட்டென்று இடது கண்ணை மூடிக் கார்டைப் பார்ப்பது. செல்வம் ஏணியில் உட்கார்ந்து இதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர், இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். கலருக்குக் கண்ணடிக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்."

"ஒன் வேலையப் பாரு."

"பாக்கலாம். எந்தக் கண்ணு கலருன்னு சொன்னீங்கன்னா டப்பாவ ஒடைக்கலாம். கன்னிவாடியில ஒரு கல்யாண வீடு வேற நிக்கிது. ஆடிக் காத்து முடியட்டும்னு இம்புட்டு நாளு தள்ளிப் போட்டேன், இல்லன்னா ஈரப் பெயின்ட்ல தூசி அப்பிரும்."

கார்டில் இருந்த கட்டம் ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. ஒன்று மஞ்சள் ஏறியது. ஒன்று சாம்பல் தட்டியது. ஒன்று அந்த நேரத்துக்கு நன்றாக இருந்து, மேகம் வந்ததும் இளஞ்சிவப்பாகிவிட்டது. நித்யாவுக்கு நான் சொல்ல வேண்டியதில் பாதியை அன்று கற்றுக்கொண்டேன். அவளிடம் சொல். கார்டை நம்பக் கூடாது. போனை நம்பவே கூடாது. போன் தானாக ஒரு வெளிச்சத்தைப் போட்டுக்கொள்கிறது, அவள் அனுப்பிய படத்தில் ஐந்தும் எனக்கு ஐந்து விதமாகப் பொய் சொல்லியிருக்கும். சுவரிலேயே கதவு அகலத்துக்கு அடித்துப் பார்க்க வேண்டும், இரண்டு கோட்டு, காய்ந்த பிறகு. ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் இன்னொரு நிறம். சாயத் தொட்டியிலும் அப்படித்தான். ஜன்னல் பக்கம் ஒன்று, வெளிச்சம் போகாத மூலையில் ஒன்று. ஒரு நாள் முழுக்க அதைச் சும்மா விட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் ஹால் மேற்குப் பார்த்தது என்றாள். அப்படியானால் நாலு மணிக்கு மேல் வெயிலே மஞ்சளைக் கொண்டுவந்து கொட்டும், சுவரிலும் மஞ்சள் இருந்தால் வீடு முழுக்க மஞ்சள் காமாலை. கொஞ்சம் மண் கலந்த வெள்ளை போதும். கீழே சாம்பல் டைல்ஸ் என்பதால் சுவரில் சாம்பல் சாயல் வேண்டாம், காலிலிருந்து தலைவரை குளிரும். அதற்கும் முன்னால் பல்பை முடிவு செய்யச் சொல். எந்த நல்ல நிறத்தையும் வெள்ளை டியூப்லைட் ஆஸ்பத்திரியாக்கிவிடும். இதை நீ அவளிடம் எப்போதோ சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருக்க மாட்டாய். ஒன் இஷ்டம் என்றிருப்பாய்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடம் ஒரு தடவை நிறம் சொல்லிப் பார்த்தவன் இன்னொருத்தியிடம் சொல்வானா.

மத்தியானம் சாப்பிட்டு வந்து, உப்புத்தாள் தேய்ப்பதற்கு முன்னால் செல்வம் ஸ்விட்ச் போர்டுகளைக் கழற்ற ஆரம்பித்தான். ஹால் வாசல் பக்கம் இருக்கிற பெரிய போர்டு. நான்கு திருகு. அதைச் சுவரிலிருந்து முன்னால் இழுத்தான். போர்டின் விளிம்பு மறைத்திருந்த இடத்தில், ஒரு விரல் அகலத்துக்கு, சுவர் வேறு நிறமாக இருந்தது.

"இது என்ன செல்வம்?"

"இதா? தம்பி அடிச்ச கலரு டீச்சர். தம்பி அன்னைக்கி போர்டு எல்லாத்தையும் கழட்டிட்டுத்தான் அடிக்கணும்னு கூடவே நின்னுச்சு. நீங்க மறுக்கா வெள்ளையடிக்கச் சொன்னப்ப, ரெண்டே நாளுன்னு நெருக்குனீங்கள்ல? நான் போர்டக் கழட்டாமச் சுத்தி இழுத்து விட்டுட்டேன். அதான் உள்ளுக்குள்ள தப்பிச்சுக் கெடக்கு."

பக்கத்தில் போனேன். இடது கண்ணை மூடினேன். புதுக் கண்ணால் மட்டும் அந்த விரலகல நிறத்தைப் பார்த்தேன். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்தேன். மறுபடி இது. மறுபடி அது. 

இரண்டும் ஒன்றுதான் அப்பு. உன்னுடையதில் சிவப்பு ஒரு நூல் கூடுதல். அவ்வளவுதான். நான் இத்தனை வருடம் என் வீடு என்று நினைத்துக்கொண்டிருந்த நிறத்தை நீ எனக்கு அடித்துக் கொடுத்திருக்கிறாய். என் மஞ்சள் கண் அதன் மேல் இன்னொரு மஞ்சளை ஊற்றிச் சேறாக்கிப் பார்த்தது.

"எந்தக் கம்பெனி கலரு? நம்பர் இருக்கா?" என்று கேட்டேன். 

"கார்டு கலரு இல்ல டீச்சர். தம்பி ஒரு துண்டுத் துணி கொண்டாந்துச்சு. உள்ளங்கை அளவு. அத மிஷின்ல காட்டி, கலக்க வச்சு, காயவச்சுப் பாத்து, இது இல்லங்கும். மறுக்கா கலக்கும். மூணு மட்டம் கடைக்கு அலைஞ்சோம். கடைக்காரரு காண்டாயிட்டாரு. என்ன தம்பி, செவருக்குத்தான கேக்குறீங்க, சட்டைக்கா தைக்கப் போறீங்கன்னு. அதுக்குத் தம்பி, கரெக்டா இல்லன்னா எங்கம்மா கண்டுபிடிச்சிரும்னுச்சு."

பீரோவைத் திறந்தேன். கோராச் சேலை அடியில் இருந்தது. அது எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. என் கல்யாணத்துக்கு முன்னால் என் அப்பா என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டு, எந்த நிறம் வேண்டுமானாலும் கேள், போட்டுத் தருகிறேன் என்றார். எதுவும் போடாமல் கொடுங்கள் என்றேன். தறியிலிருந்து வந்தபடி, சாயம் படாமல். என் அம்மா சண்டைக்கு வந்தாள். கல்யாணப் பெண்ணுக்கு வெறும் சேலையா என்று. அப்பா ஓரத்தில் மட்டும் விரலகலம் சிவப்பு ஏற்றிக் கொடுத்தார். எனக்குக் கிடைத்த சேலைகளில் அது ஒன்றைத்தான் நானாகக் கேட்டு வாங்கினேன். அதன் நிறம் எனக்கு இளம் கண்ணில் பதிந்தது. மாறவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அதை வெயிலில் போட எடுத்தபோது உள் முந்தியில் ஒரு மூலை இல்லாமல் இருந்தது. எலி என்று நினைத்தேன். பொறி வைத்தேன். எலி விழவில்லை. இப்போது புதுக் கண்ணால் பார்க்கிறேன். எலி இத்தனை நேராக வெட்டாது. கத்திரிக்கோல். வெட்டிய விளிம்பில் நூல் பிரியாமல் இருக்க மடித்துத் தைத்திருக்கிறது. கைத் தையல். ஒன்று நீளம், ஒன்று குட்டை, நடுவில் ஒரு இடத்தில் நூல் சிக்கி முடிச்சாகி, அதையும் விடாமல் தைத்த தையல். உன் அப்பா இறந்த வருடம் உனக்கு நான் சட்டைப் பொத்தான் தைக்கச் சொல்லிக்கொடுத்தேன். நீ அப்படித்தான் தைப்பாய். கட்டிலில் உட்கார்ந்து அந்தத் தையலை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். ஹாலில் செல்வம், "டீச்சர், போர்ட மாட்டவா, வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

மாட்ட வேண்டாம் என்றேன். பிறகு சேலையோடு அவன் வண்டியில் ஏறிக் கடைக்குப் போனேன். மறுபடி மூன்று தடவை கலக்க வைத்தேன். இந்த முறை எனக்காக இல்லை. உன்னுடைய அந்த ஒரு நூல் சிவப்பு வரும்வரை. போர்டுக்குப் பின்னாலிருந்து செல்வம் ஒரு சில்லுப் பெயர்த்துக் கொடுத்திருந்தான், அதை வைத்துச் சரிபார்த்தேன். கடைக்காரர், "எங்கயோ பாத்த மாரி இருக்கே இந்தப் பஞ்சாயத்து" என்றார்.

நேற்றோடு ஹால் முடிந்தது. டியூப்லைட்டையும் கழற்றச் சொல்லிவிட்டேன். உன் அப்பாவின் படத்தை இன்னும் மாட்டவில்லை. காலையில் எட்டு மணிக்கு அந்தச் சுவரில் வெளிச்சம் எப்படி நிற்கிறது என்று உனக்கு எழுத முயன்று மூன்று வரிகளை அடித்துவிட்டேன். வேண்டாம். நீ பார்த்திருக்கிறாய். இரண்டு நாள் இந்த வீட்டில் அந்த நிறம் இருந்தபோது, ஒரு காலையாவது நீ தனியாக நின்று பார்த்திருப்பாய். நான் வந்து பார்க்கப் போவதை நினைத்துக்கொண்டு.

இன்று ஒரு முறை வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். இடது கண்ணுக்கு அது இப்போதும் சேறுதான். அன்று பார்த்தது போலவே, துளி மாற்றமில்லை. அந்தக் கண் உன்னிடம் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்ததைத்தான் சொன்னது. நான்தான் வேறு யார் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்கவில்லை. நித்யாவுக்கு என் பதிலில் மீதிப் பாதி இதுதான். ஐந்தில் எது என்று நான் சொல்ல மாட்டேன். அவளும் நீயும் தனித்தனியாக அந்தச் சுவர் முன்னால் நின்று, தனித்தனியாகச் சொல்லுங்கள். நீ ஒன் இஷ்டம் என்று சொன்னால் அவள் விடக் கூடாது. உன்னிடம் ஒரு நிறம் இருக்கிறது. எனக்குத் தெரியும். அதற்காக நீ ஒரே கடைக்கு மூன்று தடவை அலைபவன்.

இதோடு ஒரு துண்டுத் துணி வைத்திருக்கிறேன். சேலையின் மறு மூலை. நேராக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்திருக்கிறேன். ஒரு கண் பழையதாக இருப்பதால் என் தையலும் உன் தையல் மாதிரிதான் வந்திருக்கிறது. சுவரில் வைத்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் அலமாரியில் போட்டுவிடுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம்.

வரும் வெள்ளிக்குப் பத்து நாள் கழித்து இடது கண்ணுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ஒரு படிவம் தந்தார்கள். எல்லாம் எழுதிவிட்டேன். பெயர், வயது, சர்க்கரை. கூட இருப்பவர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். போன தடவை சரோஜா பெயர். இந்தத் தடவையும் அவள் வருகிறேன் என்கிறாள். உன்னை அந்த வெள்ளைச் சுவருக்குப் பக்கத்தில் மறுபடி உட்காரச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் முதல் கண்ணுக்குச் சொல்லாமல் இருந்தேன் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். பாதிதான் உண்மை. நீ "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிடுவாயோ என்ற பயம் மீதிப் பாதி.

ஒரு நாள்தான். மறுநாள் காலையில் கட்டுப் பிரிப்பார்கள். பிறகு வீட்டுக்கு வந்து, இரண்டு கண்ணாலும் உன் சுவரை நான் முதல் தடவையாகப் பார்ப்பேன். நீ பக்கத்தில் நின்றால், சிவப்பு ஒரு நூல் கூடிவிட்டது என்று நான் சொல்லலாம். நீ இல்லை என்று சொல்லலாம். நாம் சண்டை போடலாம்.

கடிதம் கிடைத்ததும் போன் செய். சரிம்மா என்று சொல்லாதே.

அம்மா